உட்காரும் இடத்தில் சிக்கனம் வேண்டாம்

வரி, உரிமம், எடைக்கல் முத்திரை, உணவுப் பாதுகாப்புச் சட்டம் என்று எழுதி எழுதி நமக்கும் கை வலித்துவிட்டது. படிக்கிற உங்களுக்கும் அலுத்திருக்கும். இந்த முறை இருசக்கர வண்டியின் சீட்டைப் பற்றி எழுதப் போகிறோம். "மெக்கானிக் கடையில் பேச வேண்டியதை இதழில் எழுதுகிறார்களே" என்று சிலர் சிரிக்கலாம். சிரிப்பவர்கள், ஒரு நாளில் தாம் எத்தனை மணி நேரம் வண்டியின் மேல் இருக்கிறோம் என்று கணக்குப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

விடிந்தால் மார்க்கெட், அங்கிருந்து கடை, பத்து மணிக்கு வங்கி, மதியம் லாரி ஆபீஸ், மாலையில் பாக்கி வசூல். சிறிய மளிகைக் கடைக்காரருக்கு வண்டிதான் சரக்கு வாகனம். முன்னால் எண்ணெய் டின், பின்னால் சர்க்கரைச் சிப்பம். மொத்தக் கடை என்றால் லைனுக்குப் போகிற ஆள் காலையில் ஏறினால் இரவில்தான் இறங்குகிறார். கல்லாவுக்குப் பின்னால் போடுகிற நாற்காலியை நாலு கடை ஏறி இறங்கி வாங்குகிறோம். அதே அளவு நேரம் உட்காருகிற வண்டி சீட்டை மட்டும் போகிற போக்கில் வாங்கி மாட்டிவிடுகிறோம்.

நாமும் அப்படித்தான் செய்தோம். விருதுநகர்ப் பக்கம் பருப்பும் மிளகாய் வற்றலும் மல்லியும் மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நமது 100 சிசி வண்டியின் சீட் கிழிந்து ஃபோம் வெளியே தெரிந்தது. ஒரு சீட் கவர் கடைக்குப் போனோம். ரெடிமேட் சீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். துவரம்பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து ரகம் சொல்லுகிற பழக்கத்தில், ஒவ்வொரு சீட்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தோம். எது அதிகம் அமுங்கியதோ அதுவே உசத்தி என்று முடிவு செய்தோம். நல்ல தடிமன், நடுவில் சிவப்புப் பட்டை, ஓரத்தில் வெள்ளைத் தையல். பேரம் பேசி 300 ரூபாய் குறைத்து வாங்கிய திருப்தி வேறு.

முதல் வாரம் சோபாவில் உட்கார்ந்தது போல இருந்தது. வீட்டுக்கும் கடைக்கும் நடுவே 2 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு எந்த சீட்டும் சுகமாகத்தான் இருக்கும். வசூலுக்கு அருப்புக்கோட்டை போய், திருச்சுழி தொட்டுத் திரும்பிய அன்றுதான் சங்கதி தெரிந்தது. போகும்போதே பாதி வழியில் இடுப்புக்குக் கீழே எரிச்சல். திரும்பும்போது கால் மரத்துப் போய், வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு புளியமரத்தடியில் நின்றபடியே சிட்டைகளைக் கூட்டிப் பார்த்தோம். உட்கார மனமில்லை. மூன்றாம் மாதம் சீட்டின் நடுவில் குழி விழுந்தது. அதற்குப் பிறகு நாம் உட்கார்ந்தது ஃபோமில் அல்ல, அடியில் இருக்கிற தகட்டில்தான்.

இன்னொரு கெடுதலும் வந்தது. தடிமனான சீட் ஆகையால் வண்டியின் உயரம் 2 அங்குலம் கூடிவிட்டது. முன்பு இரண்டு பாதமும் தரையில் படிய நின்ற நமக்கு இப்போது நுனிக்கால்தான் எட்டியது. வெறும் வண்டியில் அது தெரியவில்லை. ஒரு நாள் பின்னால் 25 கிலோ உளுந்தம்பருப்புச் சிப்பத்தைக் கட்டிக்கொண்டு போய், மூடிக் கிடந்த ரயில்வே கேட்டில் நிறுத்தினோம். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. ஊன்றுவதற்குக் காலை நீட்டினால் தரை கிடைக்கவில்லை. நாமும் வண்டியும் சிப்பமும் ஒன்றாகப் போய் விழுந்தோம். நாலு பேர் ஓடி வந்து தூக்கிவிட்டார்கள். முழங்கால் காயம் ஆற ஒரு மாதம் ஆயிற்று. பேரம் பேசிக் குறைத்த 300 ரூபாய் ரோட்டில் கொட்டிய பருப்பிலேயே போய்விட்டது.

இது நமக்கு நாமே செய்துகொண்டது. அடுத்துச் சொல்லப் போவது அப்படிப்பட்டதல்ல. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறோம்.

நமது கடையில் 11 ஆண்டுகள் லைன் பார்த்த தம்பி ஒருவர் இருந்தார். வண்டி அவருடையது. பெட்ரோலும் பேட்டாவும் நாம் கொடுப்பது. நம் தொழிலில் பல கடைகளில் இதுதான் ஏற்பாடு. அவர் தம் வண்டி சீட்டின் மேல் ஒரு சணல் சாக்கை நாலாக மடித்துப் போட்டுக் கயிற்றால் கட்டியிருப்பார். தினமும் காலையில் அந்தச் சாக்கைப் பார்த்தோம். சரக்கு கட்டுவதற்கு வைத்திருக்கிறார் போலும் என்று நினைத்தோம். அப்படி நினைத்துக்கொள்வது நமக்கு வசதியாக இருந்தது என்பதே உண்மை. ஒரு நாள் இரவு வசூலை ஒப்படைத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"அண்ணாச்சி, சீட்டு ரொம்ப மோசமாப் போச்சு. முதுகு தாங்கல. ஒரு 1,500 ரூபா குடுத்தீங்கன்னா மாத்திருவேன்."

"வண்டி உன்னோடதுதானப்பா, அதுக்கும் கடையிலயா கேக்குறது? தீபாவளி முடியட்டும், பார்ப்போம்" என்றோம்.

தீபாவளி முடிந்தது. பொங்கலும் முடிந்தது. அவர் மறுபடி கேட்கவில்லை, நாமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாசி மாதத்தில் ஒரு நாள் வந்து, "இனிமே லைன் பார்க்க முடியாது அண்ணாச்சி, டாக்டர் வண்டி ஓட்டக் கூடாதுங்கிறார்" என்று சொல்லி நோட்டை வைத்துவிட்டுப் போனார். இப்போது ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறார்.

அவர் போன பிறகுதான் அவர் என்னவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நமக்குப் புரிந்தது. எந்தக் கடையில் சந்தை முடிந்த மறுநாள் போனால் பணம் கிடைக்கும், எந்தக் கடையில் பெரியவர் கல்லாவில் இருக்கும்போது பாக்கியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, யாருக்கு ஒரு தவணை பொறுத்துக்கொள்ளலாம், யாருக்குக் கூடாது, எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. நோட்டில் பெயரும் தொகையும் மட்டும்தான். புதுப் பையன் லைனைப் பழகி எடுக்க ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் இரண்டு கடைகள் வேறு மொத்தக் கடைக்கு மாறிவிட்டன. ஒரு கடை பாக்கியோடு மூடிக்கொண்டது. அந்த ஒரு பாக்கிக்கு நம் சங்கத்து உறுப்பினர் பலருக்கு சீட் மாற்றிக் கொடுத்திருக்கலாம்.

அவருடைய முதுகு வலிக்கு சீட் மட்டுமே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஆனால் அவர் கேட்டபோது நாம் கொடுக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். தெருவில் எதிர்ப்பட்டால் இன்றைக்கும் வணக்கம் சொல்கிறார். நமக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

இதற்குப் பிறகே இந்த விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முனைந்தோம். குஷன் வேலையில் தலை நரைத்த ஒருவரிடம் பல நாள் போய் உட்கார்ந்து கேட்டோம். அவர் சொன்னதையும் நாம் அனுபவித்ததையும் சேர்த்து எழுதுகிறோம்.

நாம் நிமிர்ந்து உட்காரும்போது உடம்பின் பாரத்தில் பெரும்பகுதி புட்டத்தில் உள்ள இரண்டு எலும்பு முனைகளின் மேல் இறங்குகிறது. கட்டைப் பலகையில் உள்ளங்கையை வைத்து அதன் மேல் உட்கார்ந்தால் அந்த முனைகள் கையில் தட்டுப்படும். மெத்தென்ற ஃபோமில் இந்த இரண்டு முனைகளும் நேராக அடிவரை இறங்கிவிடுகின்றன. கீழே தகடு, சுற்றிலும் மேலே எழும்பி நெருக்குகிற ஃபோம். எலும்பும் வலிக்கும், சதையும் மரக்கும். கொஞ்சம் கெட்டியான ஃபோம் அப்படி இறங்கவிடாமல் பாரத்தைப் பரப்பித் தாங்குகிறது. நமக்கு இதைப் புரிந்துகொள்ள டாக்டர் தேவையில்லை. நாமெல்லாம் மூட்டை மேல் உட்கார்ந்து வியாபாரம் செய்தவர்கள். அரிசி மூட்டை மேல் மணிக்கணக்கில் உட்காரலாம். உடம்புக்குத் தக்கபடி இடம் கொடுத்து, அதற்கு மேல் அமுங்காது. பஞ்சுப் பொதியில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் சுகம், பிறகு எழுந்திருக்கவே கை கொடுக்க வேண்டும்.

ஆகவே கட்டைவிரலை நம்ப வேண்டாம். விரல் நுனியின் அழுத்தம் வேறு, 70 கிலோ ஆள் அரை மணி நேரம் உட்காரும் அழுத்தம் வேறு. கடையில் வெட்கப்படாமல் சீட்டை வண்டியில் வைக்கச் சொல்லி, கால் மணி நேரமாவது அசையாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அடித் தகடு உணரப்பட்டால் அந்த சீட் வேண்டாம்.

ஃபோம் கடையில் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்று சொல்லுவார்கள். பலர் அதைக் கெட்டித்தனம் என்று நினைக்கிறார்கள். அது எடைக் கணக்கு. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ இருக்கிறதோ அதுதான் அந்த எண். எடைக் கணக்கு என்றால் நம்மை யாரும் ஏமாற்ற முடியாது அல்லவா? 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 10 தடிமன் உள்ள துண்டை நம் தராசில் வையுங்கள். 40 டென்சிட்டி என்றால் 720 கிராம் நிற்க வேண்டும். 32 என்றால் 576 கிராம். 360 கிராம் காட்டினால் அது 20 டென்சிட்டி, சீக்கிரமே குழி விழும். எடை கூடிய ஃபோம் வடிவம் குலையாமல் அதிக நாள் உழைக்கும் என்பதுதான் இதில் உள்ள லாபம்.

ஆனால் எடை மட்டும் பார்த்தும் ஏமாறலாம். வெட்டி எறிந்த ஃபோம் துண்டுகளைப் பசை போட்டு அழுத்திச் செய்கிற ஒரு ரகம் உண்டு. பல நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். எடை நன்றாக நிற்கும், உட்கார்ந்தால் பலகை. அதை அடி அடுக்காக ஓர் அங்குலம் வைத்து, மேலே நல்ல ஃபோம் வைப்பது சரியான வேலை. முழு சீட்டையும் அதிலேயே முடித்துத் தருகிறவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ரெடிமேட் வாங்குவதா, பழைய சீட்டையே புதுப்பிப்பதா என்று கேட்டால், அடித் தகடு துருப்பிடிக்காமல், பூட்டு சரியாக விழுகிற நிலையில் இருந்தால் புதுப்பிப்பதே மேல் என்போம். வண்டியோடு வந்த தகடு அந்தச் சட்டத்துக்கு என்றே செய்தது. வெளியில் வாங்கும் சீட் சில சமயம் ரப்பர் கட்டைகளில் சரியாகப் படியாது. மாட்டிய பின் இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால், மேடு பள்ளத்தில் அந்த ஆட்டம் முழுவதும் நம் முதுகுக்குத்தான். ஃபோம் வைத்தவுடன் ரெக்சினைத் தைத்து முடிக்கச் சொல்லாமல், தற்காலிகமாக இழுத்துக் கட்டித் தரச் சொல்லி ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, எங்கே இடிக்கிறது, எங்கே சரிகிறது என்று சொன்னால் நல்ல வேலைக்காரர் செதுக்கிக் கொடுப்பார். நமக்குச் செய்து கொடுத்தவர் இரண்டு முறை செதுக்கினார்.

வடிவத்தில் பார்க்க வேண்டியது அதிகம் இல்லை. எலும்பு முனைகள் அமர்கிற பின்பகுதி அகலமாகவும், தொடை இறங்குகிற முன்பகுதி குறுகலாகவும் இருந்தால் கால் சுலபமாகத் தரைக்கு எட்டும். முன்பக்கம் சரிவாக இருந்தால் பிரேக் போடும்தோறும் டேங்கை நோக்கி வழுக்குவோம். அதைத் தடுக்கக் கையை ஊன்றி ஊன்றி மணிக்கட்டும் தோளும் வலிக்கும். உயரத்தைப் பற்றி முன்பே சொல்லிவிட்டோம். சரக்கு கட்டுகிறவர்கள் சரக்கைக் கட்டிய பிறகே கால் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பின் சீட்டைக் கழற்றிவிட்டு மூட்டை ஏற்ற வசதியுள்ள டி.வி.எஸ். எக்ஸ்எல் போன்ற வண்டியில் முன் சீட் தனி என்பதால் அதை மட்டும் கெட்டியாக மாற்றிக்கொண்டால் செலவும் குறைவு. நீள சீட் உள்ள வண்டியில் மூட்டை ஏற்றுகிறவர்கள் கயிறு அறுக்காமல் இருக்க அடியில் ஒரு தடித்த ரப்பர் விரிப்பைப் போடலாம். கயிறு அறுத்த இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கினால் ஃபோம் ஊறிப்போய், மழை விட்ட மறுநாளும் வேட்டி நனையும். அதனால்தான் உட்காரும் இடத்தில் தையல் வரக்கூடாது என்றும், ரெக்சினுக்கு அடியில் பாலிதீன் தாள் போட வேண்டும் என்றும் சொல்லித் தைக்க வேண்டும்.

ஜெல், காற்றுத் தலையணை என்று புதிது புதிதாக வருகின்றன. ஜெல் நம் ஊர் வெயிலில் காய்ந்தால் சூடு இறங்க நேரம் பிடிக்கிறது. காற்றுத் தலையணையைப் பாதி அளவு ஊதினால் பரவாயில்லை. முழுக்க ஊதினால் படகு மாதிரி ஆடும். நம் கருத்தில், நல்ல ஃபோமின் மேல் ஒரு வலைத்துணி உறை போட்டால் போதும். காற்றுப் போகும், வியர்வை தங்காது, வெயிலில் நிறுத்திய கறுப்பு ரெக்சின் சுடுகிற சூடும் குறையும்.

அழகுக்காகப் பின்பகுதியைத் தூக்கிச் சிறுத்து வைத்த சீட்டுகளைப் பிள்ளைகள் விரும்புகிறார்கள். அந்த வண்டியில் வீட்டில் அம்மாவும் உட்கார வேண்டுமே. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 128-ஆவது பிரிவு, பின்னால் அமர்பவருக்கு உறுதியாகப் பொருத்தப்பட்ட முறையான சீட் இருக்க வேண்டும் என்கிறது. கைப்பிடி, கால்மிதி, பின் சக்கர மறைப்பு ஆகியவை 1989-இன் மத்திய விதிகளில் 123-ஆவது விதியில் வருகின்றன. சீட் மாற்றும்போது கைப்பிடியைக் கழற்றிப் போட்டுவிட்டு வரக்கூடாது.

இன்னொன்று. சீட் எல்லாவற்றையும் சரி செய்துவிடாது. ஷாக் அப்சார்பர் செத்துப் போயிருந்தாலோ, டயரில் காற்று கல் போல் இருந்தாலோ, தங்கத்தில் சீட் செய்து போட்டாலும் இடி இடிதான். பின் சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் இல்லாத அந்தக் கால மோட்டார் சைக்கிளில் சீட்டின் அடியில் ஸ்பிரிங் வைத்ததற்குக் காரணம் இருந்தது. இன்று அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. தொடையிலிருந்து பாதம் வரை மின்னல் போல் வலி இறங்கினால், அல்லது மரப்பு போகாமல் தங்கினால், குஷன் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.

இதையெல்லாம் சங்கக் கூட்டத்துக்கு முன் பேசிக்கொண்டிருந்தபோது மூத்த உறுப்பினர் ஒருவர், "நாங்க சைக்கிள்ல கட்டை சீட்டுல முப்பது மைல் மிதிச்சோம், எங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றார். அவர்மேல் நமக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் சைக்கிளில் மிதிக்கும்போது பாரத்தில் ஒரு பங்கு பெடலில் இறங்குகிறது, உடம்பும் அசைந்துகொண்டே இருக்கிறது. மோட்டார் வண்டியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம், பாரம் அநேகமாக முழுவதும் சீட்டில், கூடவே இன்ஜின் அதிர்வு. இரண்டும் ஒன்றல்ல. தவிர, அவர் எழுந்திருக்கும்போது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

நமது கடையில் இப்போது செய்கிற ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறோம். லைன் பார்க்கிறவர் வண்டி அவருடையதானாலும், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சீட் வேலைக்கான செலவு கடைக் கணக்கில் எழுதப்படும். அவர் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. ஆயுத பூஜைக்கு வண்டி துடைக்கும்போது நாமே ஒரு முறை ஏறி உட்கார்ந்து பார்க்கிறோம். மோட்டார் சைக்கிள் உதிரி பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ரெடிமேட் சீட் வாங்குகிறவர்கள் அதைப் பார்த்து விலை பேசி, பில்லும் கேட்டு வாங்குங்கள். பில் கொடுக்கச் சொல்லி நம்மிடம் கேட்கிறார்கள், நாம் மட்டும் கேட்காமல் இருப்பது என்ன நியாயம்?

சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில், லைன் ஆட்களுக்கு சீட் செலவு கொடுப்பதை உறுப்பினர் கடைகள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியிருக்கிறோம். கருத்து வேறுபாடு உள்ளவர்கள் அன்று வந்து பேசலாம். உங்கள் ஊரில் எடை சொல்லி ஃபோம் வைத்து, ஒரு நாள் ஓட்டிப் பார்க்க விடுகிற நல்ல குஷன் வேலைக்காரர் இருந்தால் அவருடைய கடை இருக்கும் தெருவைச் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால், மற்ற உறுப்பினர்களுக்கும் சொல்லலாம்.